ஒரு தெரு, ஒரே கூரை

குன்றாண்டார்கோயிலுக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் கீரனூரில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். அங்கே குன்றைக் குடைந்து செய்த சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. பல்லவர் காலத்துக் குகை அது. அதன் முன்னே பின்னால் வந்தவர்கள் மண்டபம் எடுத்தார்கள். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்கள் நூற்றுக்கால் மண்டபம் கட்டி, சக்கரமும் குதிரையும் செதுக்கி, மண்டபத்தையே தேராக்கி விட்டார்கள். முன்னவர் கட்டியதைப் பின்னவர் பெயர்க்கவில்லை, ஒட்டிக் கட்டினார்கள். யார் என்ன கொடுத்தார் என்பதைக் கல்லிலே வெட்டியும் வைத்தார்கள். இப்படிச் சீமை முழுவதும் கிடந்த கல்வெட்டுகளைத் திரட்டி, 1929இல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் புத்தகமாகவே அச்சிட்டு விட்டது.

ஆகவே கோயில் மாறிய கதையைச் சொல்ல ஏடு இருக்கிறது. நாம் குடியிருக்கும் வீடு மாறிய கதையைச் சொல்ல என்ன இருக்கிறது? வீட்டுப் பத்திரத்தில் நான்கு எல்லையும் அடிக்கணக்கும்தான் இருக்கும். திண்ணை எந்த வருஷம் போயிற்று, முற்றத்துக்கு எப்போது மூடி போட்டார்கள் என்பதெல்லாம் அதில் இராது. தெருவில் நடந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே உங்களை மறுபடியும் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கும். வெயில் ஏறுவதற்குள் கிளம்பி விடுவோம்.

புதுக்கோட்டை நகரத்தில் வழி தவறுவது கஷ்டம். நடுவிலே பழைய அரண்மனை இருந்த இடம். அதைச் சுற்றிக் கீழ, மேல, வடக்கு, தெற்கு என்று நான்கு ராஜ வீதிகள். அவற்றுக்கு வெளியே இரண்டாம் வீதிகள், அப்புறம் மூன்றாம் வீதிகள், நான்காம் வீதிகள். "தெற்கு மூன்றாம் வீதி" என்று விலாசம் சொன்னால் போதும், கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேரலாம். நம் ஊர்களில் இத்தனை நேரான தெருக்களைக் காண்பது அபூர்வம் அல்லவா? தானாக வளர்ந்த ஊர் இப்படி இராது. இது ஒருவர் உட்கார்ந்து கோடு கிழித்த ஊர்.

அந்தக் கோடு விஜய ரகுநாத ராயத் தொண்டைமான் காலத்தது. அவர் 1807 முதல் 1825 வரை அரசர். பட்டத்துக்கு வந்தபோது சிறு பிள்ளை. ஆகையால் தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்ன் என்ற ஆங்கிலேயர் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டார். அவருடைய யோசனையின் பேரில் பழைய கோணல் சந்துகள் போய், நேரான அகன்ற வீதிகள் வந்தன. கூரை வேய்ந்த குடிசைகள் இருந்த இடத்தில் ஓட்டு வீடுகள் எழுந்தன. அதற்கு இரண்டு தலைமுறை கழித்து, 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரியார் குளங்களைத் தூர் வாரியும், கச்சேரி, ஆஸ்பத்திரி முதலிய கட்டடங்களை எழுப்பியும் நகரத்தை இன்னும் சீர்ப்படுத்தினார். இன்றைக்கு நாம் பார்க்கும் நகரத்தின் எலும்புக்கூடு இவ்வளவுதான்.

கூரையை விட்டு ஓட்டுக்கு மாறியதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். கீற்று வேய்ந்த தெருவில் ஒரு வீட்டு அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் தெருவே சாம்பல். லண்டனில் 1666இல் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ நான்கு நாளில் பதின்மூவாயிரம் வீடுகளுக்கு மேல் விழுங்கிற்று. அடுத்த வருஷமே சட்டம் வந்தது: இனி வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்ட வேண்டும், இரண்டு வீட்டுக்கு நடுவே வரும் சுவர் இன்ன கனம் இருக்க வேண்டும் என்று. லண்டனில் இன்று வெள்ளைக்காரத் துரைமார் பெருமையோடு காட்டும் வரிசை வீடுகளுக்கெல்லாம் அந்தச் சட்டமே ஆதாரம்.

நம் ஊரிலும் வரிசை வீட்டின் உயிர் அந்த நடுச்சுவரில்தான் இருக்கிறது. பத்திர எழுத்தர்கள் அதற்குப் "பொதுச்சுவர்" என்று அழகான பேர் வைத்திருக்கிறார்கள். கிழக்கு வீட்டுக்காரர் விட்டத்தின் ஒரு முனை அதில் ஏறி நிற்கும். மேற்கு வீட்டுக்காரர் விட்டமும் அதே சுவரில் ஏறி நிற்கும். ஒருவர் சுவரை மற்றவர் தாங்க, தெரு முழுவதும் தோளோடு தோள் நிற்கும்.

இனி ஒரு பழைய வீட்டுக்குள் நுழைவோம். வீடு தெருப்பக்கம் இருபது இருபத்தைந்து அடிதான். உள்ளே நீளமோ நூறு அடிக்கு மேலும் போகும். முதலில் இரண்டு பக்கமும் திண்ணை, நடுவே படி. கனத்த நிலைக்கதவு. அதைத் தாண்டி நடை. ரேழி என்றும் சொல்வார்கள். அப்புறம் முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், அறைகள். பிறகு இரண்டாங்கட்டு, சமையல்கட்டு, கிணறு, கொல்லை. வாசற்படியில் நின்று பார்த்தால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும். காற்று அந்த நேர்கோட்டில்தான் ஓடும். முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்பிப் போக, தெருவிலிருந்தும் கொல்லையிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். இரண்டு பக்கம் வெயில் படாத வீட்டுக்கு இதைவிட மேலான மின்விசிறி வேண்டுமா?

மழையைப் பாருங்கள். வரிசை வீட்டின் ஓட்டுச் சரிவு தெருப்பக்கம் ஒன்று, முற்றத்துப் பக்கம் ஒன்று. பக்கத்து வீட்டை நோக்கிச் சரிவே கிடையாது. என் கூரைத் தண்ணீரில் ஒரு சொட்டுக் கூட உன் சுவரில் விழாது என்பது எழுதாத ஒப்பந்தம். முற்றத்து மூலைகளில் இரண்டு சரிவுகள் கூடும் கூடல்வாயின் கீழே அண்டாவையும் தவலையையும் வைத்தால் ஐப்பசி மழையில் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். மிச்சத் தண்ணீர் தூம்பு வழியே வெளியேறும்.

இந்த வீடு எப்படி மாறியது?

முதல் மாறுதல் தலையிலே நடந்தது. பணம் சேர்ந்தவர்கள் ஓட்டுக்கு மேல் மாடி விரும்பினார்கள். தேக்கு விட்டம் போட்டு, அதன் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் சாய்வாக அடுக்கி, ஜல்லிக் காரையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, சித்தாள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். இதுதான் மெட்ராஸ் டெரஸ். தட்டுகிற சப்தத்துக்குப் பாட்டும் உண்டு. அந்தத் தளத்தின் மேல் பகல் முழுவதும் வெயில் அடித்தாலும் கீழே கூடத்தில் பாய் போட்டுத் தூங்கலாம். மாடி எடுக்க வசதி இல்லாதவர்கள் நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு மங்களூர் ஓடு ஏற்றினார்கள். 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வாரிசு அந்த ஓடு. 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது. தூரத்துச் சரக்கெல்லாம் வாசலுக்கு வர வழி பிறந்தது. செட்டிநாட்டு மோஸ்தரைப் பார்த்து ஆத்தங்குடிக் கல் பதித்தவர்களும் உண்டு.

இவையெல்லாம் வீட்டின் அழகை மாற்றினவே தவிர, தெருவின் ஒப்பந்தத்தை மாற்றவில்லை. முற்றம் முற்றமாக இருந்தது. திண்ணை திண்ணையாக இருந்தது.

ஒப்பந்தத்தை மாற்றியது சிமெண்டு. 1939இல் திருச்சிக்கு அப்பால் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. கம்பியும் சிமெண்டும் கைக்கெட்டின பிறகு, விட்டம் தாங்கப் பொதுச்சுவர் வேண்டியதில்லை. நான்கு தூண் நிறுத்தினால் போதும். அதுவரை வரிசையில் ஓர் உறுப்பாக இருந்த வீடு, தனியாக நின்று மூன்று மாடி உயரத் தெரிந்துகொண்டது.

ஒரு வீட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தகப்பனார் காலமாகிவிட்டார். அண்ணன் தம்பி இருவர், ஒரு தங்கை. 1989இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் பெண்ணுக்கும் பிதிரார்ஜித சொத்தில் சம பங்கு கொடுத்தது, ரொம்ப நியாயம். ஆனால் இருபத்திரண்டடி அகல வீட்டை எப்படிப் பிரிப்பது?

"நடுவாலே ஒரு சுவர் வச்சுடலாம் அண்ணே" என்கிறார் தம்பி.

"முற்றத்துலயா?"

"வேற எங்கண்ணே வைக்கிறது?"

முற்றம் இரண்டாகிறது. ஒவ்வொரு பாதியும் ஒரு கிணறு அகலம்தான். வெளிச்சம் வராத அந்தத் துண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தம்பி மேலே கான்கிரீட் போட்டு மூடி, பிள்ளைகள் படிக்க அறையாக்கி விடுகிறார். அண்ணன் பெங்களூரில் இருக்கும் மகனுடைய யோசனைப்படி முன்பக்கத்தை இடித்துக் கடை கட்டி வாடகைக்கு விடுகிறார். தங்கைக்குப் பணமாகக் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கூடத்துத் தேக்குத் தூண்கள் நான்கும் விலை போகின்றன. அவை எங்கே போகும் தெரியுமா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். நிலைக்கதவு, தூண், ஊஞ்சல் பலகை, மரவை, ஜாடி என்று பழைய வீடுகள் அங்கமங்கமாக அங்கே விற்பனைக்கு இருக்கின்றன. நம் வீட்டில் இடைஞ்சல் என்று கழற்றிய தூண், ஏதோ ஒரு பட்டணத்து ஓட்டலில் "பாரம்பரியம்" என்ற பெயரில் விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கும்.

இந்தக் குடும்பத்தில் யார் செய்தது தவறு? ஒருவர் மேலும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரவர் கஷ்டத்துக்கு அவரவர் கண்ட வழி.

பழைய வீட்டைப் பற்றிப் பேசும்போது எல்லாம் பொன்னாக இருந்ததாக எழுதுவது பத்திரிகைக்காரர்களின் வழக்கம். அதில் எனக்குச் சம்மதமில்லை. திண்ணை வழிப்போக்கருக்கெல்லாம் திறந்திருந்தது என்பார்கள். எல்லா வழிப்போக்கருக்குமா? எந்தச் சாதிக்காரர் திண்ணையில் உட்காரலாம், யார் தெருவிலேயே நின்று பேச வேண்டும், யார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாது என்பதெல்லாம் அந்தக் காலத்தில் எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பல ஊர்களில் வரிசை வீடுகளின் பின்னால் ஒரு குறுகிய சந்து விட்டிருப்பார்களே, அது எதற்கு? கொல்லைக் கக்கூஸைச் சுத்தம் செய்யத் துப்புரவுத் தொழிலாளி தலைச்சுமையோடு வந்து போவதற்கு. அந்தக் கொடுமையைத் தடுக்கச் சட்டம் வந்ததே 1993இல்தான். செப்டிக் டாங்க் வந்து அந்தச் சந்துக்கு வேலை இல்லாமல் போனதற்காக யாராவது கண்ணீர் விட்டால் நான் கூடச் சேரமாட்டேன்.

சமையல்கட்டையும் கேளுங்கள். அப்பாயிமாரெல்லாம் விறகடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கியபடி, வாசலில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல், மூன்று கட்டுக்கு அப்பால் ஆயுளைக் கழித்தார்கள். இன்று காஸ் அடுப்பு கூடத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. கிணற்றடி போய்க் குழாய் வந்துவிட்டது. இந்த மாறுதல்களைப் பெண்கள் யாரும் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம்.

ஆனால் மூன்று விஷயங்களில் நாம் யோசிக்காமல் கை வைத்துவிட்டோம் என்றே எனக்குப் படுகிறது.

ஒன்று முற்றம். ஊர் ஊராக முற்றங்களை மூடினோம். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் விழாமல் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போயிற்று. கிணறுகள் வற்றின. 2003இல் சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு, ஒவ்வொரு வீட்டிலும் மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டாயம் என்றார்கள். நாமும் காசு செலவழித்துக் குழி தோண்டினோம். அண்டாவும் தவலையும் சும்மா செய்துகொண்டிருந்த வேலை!

இரண்டாவது தெருவின் உயரம். பழைய வீட்டுக்கு நான்கு படி ஏறித்தான் போக வேண்டும். இப்போது பல வீடுகளில் ஒரு படி இறங்கிப் போகிறோம். வீடு ஒன்றும் பூமிக்குள் போகவில்லை. சாலை போடும் போதெல்லாம் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டினால், ஒவ்வொரு தடவையும் சில அங்குலம் ஏறும். திண்ணை முதலில் படியாயிற்று, பிறகு தரையாயிற்று, கடைசியில் அதை உடைத்து மோட்டார் சைக்கிள் ஏற்றச் சரிவு போட்டார்கள். மழை வந்தால் தெருத் தண்ணீர் நடைக்குள் வருகிறது. திண்ணையை ஒழித்தது நாகரிகம் என்கிறார்கள். பாதிப் பழியைச் சாலைக் காண்டிராக்டின் மேல் போடலாம் என்பது என் அபிப்பிராயம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு சுற்றறிக்கையே அனுப்பினார். உங்கள் தெருவில் சாலை போட வண்டி வந்தால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

மூன்றாவதுதான் பொதுச்சுவர். ஓட்டு வீட்டுக்கு அருகில் மூன்று மாடிக் கட்டடம் எழும்புகிறது என்று வையுங்கள். அதன் பக்கச் சுவர் முப்பதடி உயரம். காற்றோடு அடிக்கிற மழையெல்லாம் அந்தச் சுவரில் வழிந்து நேரே பக்கத்து வீட்டு ஓட்டுச் சந்தில் இறங்குகிறது. இருநூறு வருஷமாக எவர் சுவரிலும் எவர் தண்ணீரும் விழாதிருந்த தெருவில் முதல் ஒழுக்கு இப்படித்தான் தொடங்கும். கொத்தனார் வந்து சிமெண்டு அப்புவார். அடுத்த மழைக்கு இன்னோர் இடத்தில் ஒழுகும். நாலைந்து வருஷத்தில் அந்த வீட்டுக்காரரும் "இடித்தே கட்டிவிடலாம்" என்று சொல்லிவிடுவார். தொற்று நோய் போல் வீட்டுக்கு வீடு இது பரவுகிறது.

"இதற்கெல்லாம் வழியே கிடையாதா?" என்று கேட்பீர்கள். வழி கண்ட ஊர்கள் உண்டு. அதிக தூரம் போக வேண்டாம், பாண்டிச்சேரிக்குப் போவோம். அங்கே கால்வே சுப்பராய செட்டித் தெரு என்று ஒன்று. வைசியாள் தெரு என்றால் ஜனங்களுக்குச் சட்டென்று தெரியும். கீழே தமிழ்த் திண்ணையும் தாழ்வாரமும், மேலே பிரெஞ்சு மோஸ்தர் ஜன்னலும் வளைவுமாக இருக்கும் வீடுகள். ஐரோப்பிய யூனியன் பண உதவியோடு, இன்டாக் என்ற மரபுரிமைச் சங்கம் 2002 முதல் 2004 வரை அந்தத் தெருவை வரிசையாகச் சீர்செய்தது. தனி வீடாகப் பார்க்காமல் தெரு முகத்தை ஒன்றாகப் பார்த்ததுதான் விசேஷம். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைத்தது. ஆனால் அதே பாண்டிச்சேரியில் கடற்கரையில் நின்ற பழைய நகராட்சி மண்டபமான மேரி கட்டடம், பழுது பார்க்கப் பேசிக்கொண்டிருந்தபோதே 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்ததையும் சொல்லத்தான் வேண்டும். பழைய சுவர் நம் கமிட்டிக் கூட்டங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

நம்மவர்கள் கப்பலேறிப் போன சிங்கப்பூரில் வேறு மாதிரி. அங்கே 1822இல் ராஃபிள்ஸ் துரை ஓர் உத்தரவு போட்டார்: தெருவோரம் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தாழ்வாரம் இருக்க வேண்டும், அது அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு சேர்ந்து, ஜனங்கள் நடக்க எப்போதும் திறந்திருக்க வேண்டும். அங்குள்ள தமிழர்கள் அதை அஞ்சடி என்பார்கள். நிலத்துக்குத் தங்க விலை உள்ள அந்த ஊரில், 1989இல் லிட்டில் இந்தியா முதலிய பேட்டைகளைப் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்து, அஞ்சடியோடு வீடுகளைக் காப்பாற்றி விட்டார்கள். வெயிலிலும் மழையிலும் அஞ்சடி வழியே நடந்து பார்த்தவர்களுக்கு, திண்ணையும் தாழ்வாரமும் வரிசையாக இருந்த நம் தெரு எதை இழந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

நம் மாநிலத்திலும் 2012இல் மரபுரிமை ஆணையச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். சட்டம் பெரிய மாளிகைகளைக் கவனித்துவிட்டு நான்காம் வீதி ஓட்டு வீட்டுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆகுமோ! 2024இல் புதுக்கோட்டை மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. மனை விலை இறங்கப் போவதில்லை. அதுவரை வீட்டுக்காரர்கள் தாங்களே செய்துகொள்ளக் கூடியவை சில உண்டு. முற்றத்தில் திருட்டுப் பயம் இருந்தால் கம்பி வலை போடுங்கள். கான்கிரீட் போட வேண்டாம். குரங்குக்கும் அதுவே போதும். சுண்ணாம்பில் கட்டிய சுவருக்குச் சுண்ணாம்பே பூசுங்கள். சிமெண்டு பூசினால் சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே ஊறி, உப்புப் பூத்து, செங்கல்லையே அரித்துவிடும். பக்கத்து வீட்டில் மாடி எழுப்பினால், அவர்கள் சுவர் உங்கள் ஓட்டைத் தொடும் இடத்தில் தகரப் பட்டை வைத்துத் தண்ணீரைத் திருப்ப அப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் சண்டைதான் வரும்.

எந்த வீதியிலாவது ஒரு வீடு இடிந்து மனை காலியாகக் கிடந்தால், இரண்டு நிமிஷம் நின்று அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். இடித்தவர்கள் பொதுச்சுவரை மட்டும் இடிக்க முடியாமல் விட்டுப் போயிருப்பார்கள். விட்டம் ஏறியிருந்த பொந்துகள் வரிசையாகத் தெரியும். மாடிப்படி ஏறிப் போன அடையாளம் சாய்வாக இருக்கும். கூடம் இருந்த உயரத்தில் ஒரு மாடக்குழி; அதற்கு மேல் விளக்குப் புகை படிந்த கறுப்பு. வீட்டுக்குள் இருக்க வேண்டிய அந்தச் சுவர் இப்போது வெட்டவெளியில் நிற்கிறது. அந்தப் பக்கம் இன்னும் ஒரு குடும்பம் அதே சுவரில் காலண்டர் மாட்டிக்கொண்டு வாழ்கிறது. ஐப்பசிக்குள் யாராவது அதற்கு ஒரு கை சுண்ணாம்புக் காரை பூசிவிட்டால் நல்லது.